ஒரே வேதம், பல சபைகள்: தமிழ் வேதாகமமும் திருச்சபைகளின் வளர்ச்சியும்



வேதாகம மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு கருத்தை அடிக்கடி கேட்கிறோம். மக்களுக்குப் புரியும் எளிய மொழியில் வேதத்தைக் கொடுத்தால் சபை வளரும். பழைய நடையைப் பிடித்துக்கொண்டு நின்றால் சபை தேயும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் மண்ணின் முந்நூறு ஆண்டு வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. இன்று தமிழ்நாட்டின் நகர்ப்புறச் சேரிகளிலும் சிற்றூர்களிலும் பெருகிவரும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் தனிச் சபைகளிலும் ஞாயிறுதோறும் திறக்கப்படுவது 1871-இல் முழுமையடைந்த மொழிபெயர்ப்பு. வடசொல் மிகுந்தது, வாக்கியங்கள் நீண்டவை, வினைமுற்றுகள் பழையவை. அதற்குப் பின் அதைவிட எளிய தமிழில், மூலத்துக்கு இன்னும் நெருக்கமாக வந்த திருத்தங்கள் அந்தச் சபைகளின் வாசலைத் தாண்டவில்லை. கூலி வேலைக்குப் போய்வந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பெண்மணி கடினமான நூலைத்தான் விரும்பிக் கையில் வைத்திருக்கிறார். இது ஏன் என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

கதையைத் தரங்கம்பாடியிலிருந்து தொடங்க வேண்டும். 1706 ஜூலை 9 அன்று டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்ட இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்களுள் பர்த்தலோமேயு சீகன்பால்குக்கு அப்போது 24 வயது நிறையவில்லை. அவர் தமிழ்ப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார், ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தார். லண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது, ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அந்த எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பிறகு பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழி எதிலும் அதுவரை அப்படியொரு நூல் அச்சாகவில்லை. பழைய ஏற்பாட்டை ரூத்தின் சரித்திரம் வரை கொண்டுவந்துவிட்டு 1719-இல் சீகன்பால்கு இறந்தார். அவருக்குப் பின் வந்த பெஞ்சமின் ஷூல்ட்சே 1728-க்குள் மீதியை முடித்தார்.

அந்தத் தமிழ் நன்றாக இருந்ததா? இல்லை. வீரமாமுனிவர் தம் வேத விளக்கத்தில் அதைக் கடுமையாகச் சாடினார், மொழியளவில் அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் சபை வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சி ஒன்று அந்த நூலால்தான் நடந்தது. தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்த ராஜநாயக்கன் என்பவர், சில தலைமுறைகளாகக் கத்தோலிக்கராக இருந்த குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1720-களில் அவர் கைக்கு வந்தன. வாசித்தார். தரங்கம்பாடியோடு தொடர்பு கொண்டார். லுத்தரன் சபைக்கு மாறி, தஞ்சை நாட்டில் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். ஐரோப்பிய மிஷனரி கால் வைக்கத் தடை இருந்த நாட்டில் நூல் முதலில் போனது, மனிதர்கள் பின்னால் போனார்கள். ஒரு தமிழர் ஒரு தமிழ் நூலை வாசித்து, ஒரு கிறிஸ்தவப் பிரிவை விட்டு இன்னொன்றுக்குச் சென்ற ஆரம்பகாலச் சான்றுகளில் இது ஒன்று. பிற்கால வரலாறு முழுவதற்கும் அவர் முன்னோடி என்றே நான் கருதுகிறேன்.

இதை வைத்து, மொழிபெயர்ப்பு இருந்தால் சபை வளரும் என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. இரண்டு கடற்கரைகளைப் பாருங்கள்.

முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530-களில் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள். 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் சில மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடமாக்கினார். என்ரீக் என்ரீக்கஸ் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. அது சின்னஞ்சிறு மறைக்கல்வி நூல், வேதாகமம் அல்ல. அதற்குப் பின்னும் பல தலைமுறைகள் அந்தக் கரையில் தமிழ் வேதாகமம் இல்லை. ஆனால் சபை நின்றது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துக் குருக்களை விரட்டிய காலத்திலும் நின்றது. மாதா திருநாளும், மன்றாட்டும், ஊர்ப் பட்டங்கட்டிகளின் தலைமையும், கடலுக்குப் போகும்முன் சொல்லும் செபமும் அதைத் தாங்கின.

அக்கரையில் யாழ்ப்பாணத்தை 1658-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். அவர்களுடைய சீர்திருத்தச் சபையே அரசின் சபை. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், ஆசிரியர், தோம்பு என்னும் பதிவேடு. திருமணமும் வாரிசுரிமையும் அந்தப் பதிவைச் சார்ந்திருந்தன. பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழறிஞர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759-இல் கொழும்பில் அச்சானது. அவர் அந்த நாட்டவர், சபையின் போதகர், தமிழில் செய்யுள் இயற்ற வல்லவர். ஐரோப்பியர் மொழிபெயர்ப்பில் காணும் தடுமாற்றம் அவரிடம் இல்லை. ஆனால் 1796-இல் ஆங்கிலேயர் வந்து பதிவின் கட்டாயம் தளர்ந்ததும், பதிவேடுகளில் லட்சக்கணக்கில் இருந்த சீர்திருத்தச் சபையார் சில ஆண்டுகளில் கரைந்துபோனார்கள். பெரும்பாலோர் சைவத்துக்கே திரும்பினர். அதே டச்சு ஆட்சியில் தடைசெய்யப்பட்டு, கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் காட்டிலும் குடிசையிலும் திருப்பலி வைத்துக் காத்த கத்தோலிக்கச் சபை உயிரோடு வெளிவந்தது. நல்ல மொழிபெயர்ப்பு வைத்திருந்த சபை அழிந்தது, அது இல்லாத சபை பிழைத்தது.

ஆகவே நூல் இருப்பது மட்டும் போதாது. அது யார் கையில் இருக்கிறது, யாருடைய அனுமதியின்றி அதைத் திறக்கலாம் என்பதே கேள்வி. இதைச் சரிபார்க்க இந்தியப் பெருங்கடலின் இன்னொரு தீவு உதவுகிறது. மடகாஸ்கரில் 1820-களில் வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் மலகாசி மொழிக்கு லத்தீன் எழுத்தில் வடிவம் கொடுத்தார்கள். 1830-இல் புதிய ஏற்பாடும் 1835-இல் முழு வேதாகமமும் அச்சாயின. அதே 1835 மார்ச் முதல் நாள் அரசி ரனவலோனா கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். மிஷனரிகள் அடுத்த ஆண்டுக்குள் வெளியேறினார்கள். கிறிஸ்தவர்கள் வேதாகமங்களை மண்ணில் புதைத்து வைத்து, இரவில் எடுத்து வாசித்தார்கள். ரசலாமா என்ற பெண் 1837-இல் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் எரிக்கப்பட்டார்கள், மலையுச்சியிலிருந்து தள்ளப்பட்டார்கள். 1861-இல் அரசி இறந்து மிஷனரிகள் திரும்பி வந்தபோது, விட்டுச் சென்றதைவிடப் பல மடங்கு பெருகியிருந்த சபையைக் கண்டார்கள். யாழ்ப்பாணத்தில் வேதம் பள்ளி ஆசிரியர் வழியாகப் பதிவேட்டோடு சேர்ந்து வந்தது. மடகாஸ்கரில் அது ஒரு வீட்டின் அடுக்களையிலிருந்து இன்னொரு வீட்டின் அடுக்களைக்குப் போனது.

இனித் திருநெல்வேலி. 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். அதைக் கட்டியெழுப்பியவர் குளோரிந்தா என்னும் மராத்தியப் பிராமண விதவை. 1778-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். நூறு ஆண்டுக்குள் அந்தச் சீமை, இந்தியாவில் சீர்திருத்தச் சபையினர் மிகுதியாக வாழும் பகுதிகளுள் ஒன்றாயிற்று. இதற்கு வேதாகமம் மட்டுமே காரணம் என்று நான் சொன்னால் அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். பனையேறி வாழ்ந்த நாடார் மக்கள் மேல் இருந்த கொடுமைகள், அடைக்கலம் தேடி அவர்கள் அமைத்த முதலூர் போன்ற புதிய கிராமங்கள், கொள்ளைநோய், 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்த கதை அது. பஞ்சத்தின்போது மிஷனரி கால்டுவெல்லின் பகுதியில் பல்லாயிரம் பேர் சபைக்குள் வந்தது ஊரறிந்த செய்தி. ஆனால் வந்தவர்கள் பஞ்சம் தீர்ந்ததும் யாழ்ப்பாணத்தார்போல் திரும்பிப் போய்விடவில்லை. ஊர்தோறும் இருந்த உபதேசியாரும், ஓலைக் கூரைப் பள்ளியும், சாயங்கால ஜெபத்தில் வேதம் வாசிக்கும் பழக்கமும் அவர்களைப் பிடித்து நிறுத்தின.

அந்த வேதம் எது என்பதில் சண்டை இருந்தது. சென்னை வேப்பேரியில் பணியாற்றிய ஃபப்ரீஷியஸ், புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது 1761-இல் கைப்பற்றிய அச்சுப்பொறியைப் பெற்று, 1772-இல் புதிய ஏற்பாட்டையும் தொடர்ந்து பழைய ஏற்பாட்டையும் வெளியிட்டார். சென்னை, தஞ்சை, திருநெல்வேலிச் சபைகளின் காதில் ஏறியிருந்தது அவருடைய மொழிதான். 1820-இல் திருநெல்வேலிக்கு வந்த ரேனியஸ் ஐயர் அதைத் திருத்தி மக்கள் தமிழுக்கு அருகே கொண்டுவந்தார். 1833-இல் அவருடைய புதிய ஏற்பாடு வந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கொதித்து எழுந்தார். சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் தொகுத்த பட்டியலில் வேத மொழிபெயர்ப்பை மாற்றியதும் ஒன்று. அதே பட்டியலில் சாதி வழக்கங்களை ஒழிக்கச் சொன்னதும் கொடுமையாகவே வருகிறது. அந்த இடத்தில் சாஸ்திரியாரோடு நிற்க என்னால் முடியாது. ஆனால் மொழிபெயர்ப்பு பற்றிய அவருடைய கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. பிறந்தது முதல் கேட்டு, அதே சொற்களில் அழுது, அதே சொற்களில் தாய் தந்தையை அடக்கம் செய்த ஒரு சமூகத்திடம், நேற்று வந்தவர் அந்தச் சொற்கள் பிழை என்கிறார். மொழிபெயர்ப்பு அதற்குள் மொழிபெயர்த்தவர்களின் உடைமையாக இல்லாமல் போய்விட்டது என்பதை மிஷனரிகள் உணரவில்லை.

இன்னொரு தீர்மானமும் இங்கே கவனிக்கத்தக்கது. 1804-இல் லண்டனில் தோன்றிய வேதாகமச் சங்கம், உரையோ விளக்கக் குறிப்போ இல்லாமல் மூலத்தை மட்டும் அச்சிடுவது என்று விதி வகுத்தது. சென்னையில் 1820-இல் அமைந்த கிளைச் சங்கமும் அவ்வழியே நடந்தது. பல சபைகள் சேர்ந்து பணம் போடும் சங்கத்தில் எந்தச் சபையின் விளக்கத்தை அச்சிடுவது என்ற சண்டையைத் தவிர்க்க எழுந்த விதி அது. அதன் விளைவு அவர்கள் எதிர்பாராதது. நம் மரபில் உரையில்லாத நூல் அரிது. குறளுக்குப் பரிமேலழகர், திருவாய்மொழிக்கு ஈடு. வேதாகமமோ உரையாசிரியர் இல்லாமல் ஒவ்வொரு வாசகர் கையிலும் வந்து விழுந்தது. உரை சொல்லும் வேலையை வாசகரே எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு வேத மொழிபெயர்ப்பில் துணையாக இருந்த இளைஞர் அவர். அந்த மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. சென்னையில் இருந்த மிஷனரிகளுக்கு அது பிடிக்கவில்லை, சபைகளும் ஏற்கவில்லை. ஆனால் நாவலர் அந்த வேலையில் வேதாகமத்தை வரிவரியாகக் கற்றுவிட்டார். 1854-இல் அவர் எழுதிய சைவதூஷண பரிகாரத்தில், கோயில், தூபம், தீபம், திருவிழா என்று மிஷனரிகள் எதையெல்லாம் பழித்தார்களோ அதற்கெல்லாம் பழைய ஏற்பாட்டிலிருந்தே எருசலேம் ஆலய வழிபாட்டை எடுத்துக்காட்டிப் பதில் சொன்னார்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1857-இல், திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தை அடுத்து இன்னொருவர் அதே பழைய ஏற்பாட்டோடு எழுந்தார். அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை; மிஷன் பள்ளியில் படித்து, மிஷனில் வேலை பார்த்து, மிஷனரியோடு மோதி வெளியேறியவர். தம் சமூகத்தை இழிவுபடுத்திக் கால்டுவெல் 1849-இல் எழுதிய சிறுநூல் அவர் கோபத்தை மூட்டியது. அவர் கண்ட இந்து கிறிஸ்து சபையில் சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், தூபம், தரையில் விழுந்து வணங்கும் முறை எல்லாம் உண்டு. ஐரோப்பியர் பணமும் தலைமையும் கிடையாது. அவர் வாதம் தெளிவானது: வேதம் கீழ்த்திசையில் பிறந்தது, அதில் இருக்கும் வழிபாடு நம் வழிபாட்டுக்கு நெருக்கமானது, ஞாயிறும் நாற்காலியும் வெள்ளைக்காரர் பழக்கம். சைவர் நாவலரும் கிறிஸ்தவர் சட்டாம்பிள்ளையும் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள். ஆனால் மிஷனரி கொடுத்த நூலை வைத்தே மிஷனரியை எதிர்த்து வாதாடும் முறை இருவருக்கும் ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் இந்த மூன்று ஆண்டுகளுக்கு நாம் இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை.

1860-இல் மூன்றாவது குரல். ரேனியஸ் ஐயரிடம் பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், எந்த மிஷனிலும் சம்பளம் வாங்காமல் கிறிஸ்டியான்பேட்டையில் தன் கையுழைப்பில் சபை நடத்தியவர். அந்த ஆண்டு அவருடைய கூட்டங்களில் எழுப்புதல் உண்டானது. அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், பெண்கள் எழுந்து பேசுவது எல்லாம் நடந்தன. அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கம் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால். நடபடிகளின் இரண்டாம் அதிகாரத்தைத் தமிழில் வாசித்தவர்கள், அது தமக்கும் நடக்கும் என்று நம்பினார்கள்.

டேவிட் பேரட் என்ற ஆய்வாளர் 1968-இல் ஆப்பிரிக்காவின் சுதேசிச் சபைகள் ஆறாயிரத்தை ஆராய்ந்து எழுதினார். தாய்மொழியில் வேதம் வந்த இனக்குழுக்களில், மிஷன் சபையை விட்டுப் பிரிந்து தனிச்சபை காணும் போக்கு மிகுதி என்று அவர் கண்டார். மிஷனரியின் நடத்தையை மிஷனரியின் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மக்களுக்கு வாய்ப்புக் கிடைத்ததே காரணம். அவர் ஆப்பிரிக்காவுக்குச் சொன்னதைத் திருநெல்வேலி அதற்கு நூறு ஆண்டு முன்பே செய்து காட்டியிருக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பு சபையை வளர்க்கிறது என்பதோடு, சபையைப் பிரிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை ஒரு சீரழிவாக நான் பார்க்கவில்லை. படித்தவர் கேள்வி கேட்பார். கேட்டவருக்குப் பதில் கிடைக்காவிட்டால் வெளியேறுவார்.

இத்தனை குரல்களுக்கு நடுவேதான் ஹென்றி பவர் ஐயரின் வேதாகமத் திருத்தக் குழு உட்கார்ந்தது. சென்னையில் பிறந்த ஆங்கிலோ-இந்தியரான பவர், மிஷனரிகளில் அரிதான தமிழ்ப் புலமை உடையவர். உ.வே.சா. சீவக சிந்தாமணியை முழுமையாகப் பதிப்பிப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே, 1868-இல், முத்தையா பிள்ளையின் துணையோடு நாமகள் இலம்பகத்தை அச்சிட்டவர். கால்டுவெல் உள்படப் பல மிஷன்களின் பிரதிநிதிகள் அவரோடு அமர்ந்து, ஃபப்ரீஷியஸின் மொழியை அடித்தளமாக வைத்து, ரேனியஸின் தெளிவையும் பெர்சிவல் பதிப்பில் கொள்ளத்தக்கதையும் சேர்த்துத் திருத்தினார்கள். 1871-இல் முழு வேதாகமம் வந்தது. ஆங்கிலிக்கன், லண்டன் மிஷன், மெதடிஸ்ட், அமெரிக்கன் மதுரை மிஷன் எல்லாம் அதை ஏற்றன. ஒன்றுபட்ட மொழிபெயர்ப்பு என்ற பெயர் அதற்குப் பொருந்தியது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, ஒன்றுசேர்ந்த தமிழ்ச் சபைகள் ஏற்கெனவே முக்கால் நூற்றாண்டாக ஒரே வேதத்தை வாசித்துக்கொண்டிருந்தன. பேராயர் முறை பற்றியும் குருத்துவம் பற்றியும் பல ஆண்டுகள் வாதாடியவர்கள், எந்த வேதம் என்று ஒருநாளும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

லுத்தரன்கள் மட்டும் ஃபப்ரீஷியஸை விடவில்லை. தென்னிந்தியத் திருச்சபை இணைப்பு முயற்சிக்கான அறைகூவல் 1919-இல் அவர்களுடைய தரங்கம்பாடியிலிருந்தே எழுந்தது. அதே ஆண்டில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையாக அமைந்தது. இணைப்பில் அவர்கள் சேராததற்குக் கோட்பாட்டுக் காரணங்கள் உண்டு. ஆனால் வேறு வேதம், வேறு ஞானப்பாட்டு, கடவுளை அழைக்கும் பெயர்கூட வேறு என்று ஒரு சபை இரண்டு நூற்றாண்டு வாழ்ந்துவிட்டால், பக்கத்துச் சபையிலிருந்து ஒருவர் உள்ளே வந்து உட்கார்வதும் கடினம், உள்ளிருப்பவர் வெளியே போவதும் கடினம். அவர்கள் பெரிதாகப் பெருகவும் இல்லை, கரைந்துபோகவும் இல்லை. பழமையைக் காத்ததற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் மீண்டும் திருத்த முனைந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த லார்சன், பெங்களூர் இறையியல் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், ஜி. எஸ். துரைசாமி என்ற தமிழறிஞரோடு பல ஆண்டு உழைத்தார். 1936-இல் அந்தத் திருத்தம் வெளிவந்தது. நேர்மையான உழைப்பு, தெளிவான தமிழ். சபைகள் அதைத் தொடவில்லை.

தொடாததன் காரணத்தை நூலகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போக வேண்டும். தகரக் கூரை, பாய் விரித்த தரை, ஒரு கீபோர்டு, ஒரு டிரம். பாஸ்டர் புத்தகத்தின் பெயரையும் அதிகாரத்தையும் வசனத்தையும் சொல்கிறார். மெல்லிய தாள்கள் சரசரக்கின்றன. முதலில் எடுத்த சகோதரி எழுந்து உரக்க வாசிக்கிறார். பாஸ்டர் பாதியில் நிறுத்தி, அந்தத் தொடரைத் தாமே திரும்பச் சொல்லி, கடைசிச் சொல்லைச் சொல்லாமல் விடுகிறார். கூட்டம் அதை நிரப்புகிறது. அவர் விளக்கம் சொல்லி, மறுபடி தொடங்கி, மறுபடி விடுகிறார். இங்கே வேறொரு மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருப்பவர் அந்த இடத்தில் ஊமை. கூட்டம் முடிந்து ஒருவருடைய வேதாகமத்தை வாங்கிப் புரட்டினால், ஓரங்களில் பென்சிலால் தேதிகள். மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, கணவரின் அறுவை சிகிச்சை, விசா நேர்காணல். அந்தந்த நாளில் கிடைத்த வசனத்துக்கு அருகே குறித்துவைத்தவை. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை உள்ளே செருகியிருக்கிறது. சுவரில் தொங்கும் காலண்டர், ஞாயிறு பள்ளி மனப்பாட வசனம், ஆட்டோவின் பின்கண்ணாடி, கல்யாணப் பத்திரிகையின் உச்சி, கல்லறைக் கல், வசனத் தொடர்களைக் கோத்து எழுதிய பாட்டுகள் எல்லாம் பவர் ஐயரின் குழு எழுதிய அதே சொற்கள். எளிதாகப் புரிவதைவிட, ஏற்கெனவே மனத்தில் இருப்பது இந்த மக்களுக்கு வலியது. புரியாத சொல் ஒன்றிரண்டு இருந்தால், அதை விளக்கத்தான் பாஸ்டர் இருக்கிறார்.

கேரளத்தில் பிறந்த பாஸ்டர் பால் 1924-இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தமிழ்நாட்டுக்குள் வந்தபோது, புதிய வேதம் எதையும் கொண்டுவரவில்லை. பின்னால் எழுந்த நூற்றுக்கணக்கான தனிச் சபைகளும் அப்படியே. தென்னிந்தியத் திருச்சபையின் சேகரத்தில் பிறந்து, பாமாலை பாடி, அசன விழாவில் சாப்பிட்டு வளர்ந்த ஒருவர், ஐயரோடு மனம் கசந்தோ, வீட்டில் ஒருவரின் நோய் தீர ஜெபம் தேடியோ, தெருக்கோடி ஜெபவீட்டுக்குப் போகும்போது ஆராதனை முறையை மாற்றுகிறார், ஞானஸ்நானத்தைக்கூட மாற்றுகிறார். கையிலிருக்கும் வேதத்தை மாற்றுவதில்லை. அதே புத்தகத்தில் அதே பக்கத்தில் பென்சில் கோடு போட்ட வசனத்தைத்தான் அங்கேயும் திறக்கிறார். 1871-இன் ஒன்றுபட்ட மொழிபெயர்ப்பு சபைகளை ஒன்றுபடுத்தியதுபோலவே, ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையையும் சமமாக்கிவிட்டது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் கிறிஸ்தவர் 2001-இல் 6.07 விழுக்காடு, 2011-இல் 6.12 விழுக்காடு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்பதால் இந்தக் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது. அந்த அநீதி இன்னும் தொடர்கிறது. ஆனாலும் பெந்தெகொஸ்தே சபைகளின் வளர்ச்சியில் பெரும்பங்கு பழைய சபைகளிலிருந்து நடந்து போனவர்களே என்பது என் கணிப்பு.

கத்தோலிக்கரிடம் நிகழ்ந்ததோ வேறு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கும் பொதுமக்களின் வேத வாசிப்புக்கும் கதவைத் திறந்தது. மனப்பாடமாக ஊறிய பழைய வேதம் அவர்களிடம் இல்லாததால் புதியதை ஏற்பது அவர்களுக்கு எளிதாயிற்று. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-இல் வந்தது. அதற்காகக் கத்தோலிக்கர் விட்டுக்கொடுத்தது சிறிதல்ல. அருளப்பர் யோவான் ஆனார், இராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார். ஊர்ப் பெயரிலும் தாத்தா பெயரிலும் இருந்த புனிதர்களை வாசகப் பீடத்தில் வேறு பெயரில் கேட்கச் சம்மதித்தார்கள். இணைத்திருமுறை நூல்கள் உள்ள பதிப்பு ஒன்று, இல்லாத பதிப்பு ஒன்று என்று அச்சிடவும் இசைந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் தனியொரு சபையாகப் பெரிதான கத்தோலிக்கத் திருச்சபையின் ஒவ்வொரு திருப்பலியிலும் ஒலிப்பது அது. மற்றச் சபைகளின் ஞாயிறு ஆராதனையிலோ பழைய மொழிபெயர்ப்பே தொடர்கிறது. பொதுவாக இருக்க வேண்டும் என்று பிறந்த நூல், நடைமுறையில் ஒரு சபையின் நூலாகிவிட்டது. இது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தத் தமிழ் நன்றாக இருக்கிறது. சங்கீதங்களை அதில் வாசிக்கும்போது பல இடங்களில் பழையதைவிட நெஞ்சைத் தொடுகிறது.

ஆனால் வருத்தப்பட்டு நின்றுவிட நேரமில்லை. பழைய மொழிபெயர்ப்பைத் தாங்கிய வாசகர்களே இப்போது குறைகிறார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் தமிழ் வேதத்தை எழுத்துக்கூட்டவும் திணறுகிறார்கள். பாட்டி ஓரத்தில் குறித்த தேதிகள் உள்ள புத்தகம் அலமாரியில் கிடக்க, பேரன் செல்பேசியில் ஆங்கில வேதம் வாசிக்கிறான். சென்னையிலும் டொராண்டோவிலும் தமிழ்ப் பாட்டு ரோமன் எழுத்தில் திரையில் ஓடுகிறது. மனத்தில் பதிந்திருந்ததே பழைய வேதத்தின் பலம். அந்தப் பதிவு இல்லாத தலைமுறை வரும்போது பழையதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும், நியாயமாகவே கேட்கும். அப்போது அவர்களுக்கு எதைத் தருவது என்று முடிவெடுக்க ஒரு திருத்தக் குழு மறுபடியும் உட்காரத்தான் போகிறது.

அந்தக் குழுவை அமைக்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். எபிரேயமும் கிரேக்கமும் அறிந்தவர்கள் வேண்டும், தொல்காப்பியம் அறிந்தவர்கள் வேண்டும். அவர்களைத் தேடிப் பிடிப்பது பெரிய காரியமல்ல. முதல் நாள் கூட்டத்திலேயே, வேலை முடிந்தபின் கருத்துக் கேட்பதற்காக அல்லாமல், தகரக் கூரைச் சபையின் பாஸ்டர் ஒருவரையும், ஞாயிறு பள்ளியில் முப்பது ஆண்டு மனப்பாட வசனம் கற்றுக்கொடுத்த ஒரு சகோதரியையும், திருப்பலியில் வாசகம் வாசிக்கும் ஒரு கத்தோலிக்க இளைஞரையும், ஃபப்ரீஷியஸை மனப்பாடமாகச் சொல்லும் தரங்கம்பாடி லுத்தரன் பெரியவர் ஒருவரையும் அதே மேசையில் உட்கார வையுங்கள். எழுதிய ஒவ்வொரு அதிகாரத்தையும் தாளில் கொடுக்காமல் அவர்கள் முன் உரக்க வாசியுங்கள். எந்தத் தொடரின் கடைசிச் சொல்லை அவர்கள் தாமாகவே சொல்லி முடிக்கிறார்களோ, அந்தத் தொடரில் கை வைக்குமுன் இரண்டு முறை யோசியுங்கள்.